முப்பத்து மூன்று பச்சைக் கட்டங்கள்

ஒரு வகுப்பறைக்கு முதலில் வேண்டியது கணினி இல்லை, மேடம். பிளக் பாயிண்ட். அதுவும் சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். நாற்பத்திரண்டு தலைமையாசிரியர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். எல்லோரும் வெள்ளையடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

மாவட்டத்துப் பள்ளிகளில் எந்தக் கருவி, எந்த வருடம், எந்த வகுப்புக்குள் வர வேண்டும் என்று திட்டம் போடுவது என் வேலை. மேசையில் உட்கார்ந்து உத்தரவு போடுகிற ஆள் இல்லை நான். அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வகுப்பாகப் போவேன். குட்டையான பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள், வெயில் எத்தனை மணிக்குப் பலகையில் விழுகிறது, எல்லாம் குறித்துக்கொள்வேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவியை நான் சந்தித்ததே அப்படித்தான். அவள் நாலாம் வகுப்பு ஆசிரியை. நான் புரொஜெக்டரை மாட்டி முடித்து, பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். அவள் நாற்காலி மேல் ஏறி ஜன்னலுக்குப் போர்வை கட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். பதினோரு மணிக்கு இங்க சூரியன் வரும்னு அதுகிட்ட யாரும் சொல்லலை போல."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளைக் கட்டிக்கொண்டேன் என்று நண்பர்களிடம் சொல்வேன். ஒன்பது வருடமாகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாராவது கேட்டால், "முப்பத்து மூணு இருக்கே, போதாதா?" என்று சிரிப்பாள்.

வருகைப்பதிவுத் திட்டத்தை அவள் வகுப்பில் தொடங்கியது சலுகை இல்லை. அவளைப் போல் கவனமான ஆசிரியை அந்த மாவட்டத்திலேயே கிடையாது. முறை மிகவும் எளிது. ஆசிரியையின் கையில் ஒரு டேப்லெட். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம். பிள்ளை தன் அட்டையை மேசையில் காட்டினால் கட்டம் பச்சையாகும். வராத பிள்ளையின் கட்டத்தை ஆசிரியை ஒரு தட்டுத் தட்டினால் சிவப்பாகும். பத்து நிமிடம் கழித்து வீட்டாருக்குச் செய்தி போகும். இரண்டாவது தட்டுத் தட்டினால் மறுபடி பச்சை. அட்டையை மறந்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்காக அந்த வசதியை நானே கேட்டு வாங்கினேன்.

அதற்கு முன்பெல்லாம் பள்ளி அலுவலகத்து அக்கா ஒருவர் தடித்த நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் செய்வார். அதை நிறுத்தச் சொன்னேன். இரண்டு முறை ஒரே சமயத்தில் இருந்தால் குழப்பம்தான்.

பெற்றோர் கூட்டத்தில் நான்தான் விளக்கினேன். "செய்தி வரலைன்னா உங்க பிள்ளை பத்திரமா வகுப்புல இருக்குன்னு அர்த்தம். நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க" என்றேன்.

பின்வரிசையில் ஒரு அப்பா எழுந்தார். "எங்க வீட்டம்மாவுக்கும் ஒரு கட்டம் போட்டுக் குடுங்க சார். கடைக்குப் போனா எப்ப வருவாங்கன்னே தெரியலை."

"முதல்ல உங்களுக்கு ஒண்ணு போடணும்" என்றார் அந்த அம்மா. கூடமே சிரித்தது. நல்ல கூட்டம் அது.

முதல் வரிசையில் ஒரு பெண் சிரிக்காமல், நான் சொன்னதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். துணி வெளுக்கும் ஆலையில் வேலை. அவளுடைய மகளை என் மனைவி வீட்டில் 'ஏன் டீச்சர்' என்றுதான் குறிப்பிடுவாள். அந்தப் பிள்ளை வாயைத் திறந்தாலே அப்படித்தான் தொடங்குமாம். ஏன் டீச்சர் மழை சாய்வா பெய்யுது, ஏன் டீச்சர் உங்களுக்கு மட்டும் நாற்காலி. சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

திறப்பு நாளன்று பத்து மணிக்கு ஐந்து பேர் பார்வையிட வருவதாக இருந்தது. மற்ற நாற்பத்தோரு பள்ளிகளுக்கு இதைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள். அதற்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். அன்று ஒரு பையன் ஜுரத்தால் வரவில்லை. பள்ளி மண்டபத்துப் பெரிய திரையில் அத்தனை பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு. கண் அங்கேயேதான் போகிறது. மற்ற முப்பத்திரண்டையும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை ஒன்பது இருபத்திரண்டுக்கு என் அலுவலகத்துக்கு என் மனைவி போன் செய்தாள். வெளியே மழை.

"ஏங்க, நம்ம ஏன் டீச்சர் வரலை. சிவப்புப் போட்டுட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு."

"ஜுரமா இருக்கும்மா. பத்தரைக்கு மேல போடக் கூடாதா?"

"அதெப்படிங்க? அவங்கம்மா ஏழு மணிக்கே வேலைக்குப் போயிடுவாங்க. அதுவா கதவைப் பூட்டிட்டு வர்ற பொண்ணு. சொல்லாம இருக்க முடியுமா?"

"சரி, சரி. இருக்கட்டும்" என்றேன்.

அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும். நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒன்பது இருபத்தாறுக்கு என் கணினியிலிருந்து அந்தக் கட்டத்தைப் பச்சையாக்கினேன். டேப்லெட்டை மண்டபத்துக்கு எடுத்து வர ஏற்கனவே ஆள் அனுப்பியிருந்தேன். அதனால் அவள் மறுபடி பார்க்க வாய்ப்பில்லை. பத்தரை மணிக்குத் திருத்திவிடுவதாகத்தான் எண்ணம். பதினோராயிரம் பிள்ளைகளுக்கான திட்டம், மேடம். ஒரு மணி நேரம் பெரிய விஷயமா?

வந்தவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. நிறையக் கேள்வி கேட்டார்கள். சாப்பாடு வரை இருந்தார்கள். நான் மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஒரு மணி வாக்கில் நினைவு வந்தது. அப்போது திருத்தினால், மூன்றரை மணி நேரம் பச்சையாக இருந்தது எப்படி என்று கேள்வி வரும். எப்படியும் பிள்ளை வீட்டில் படுத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தாமதமானால் பிள்ளைகள் அந்த வழியாகக் குறுக்கே வருவார்களாம். தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய குழியை ஒரு பலகையால் மூடியிருந்தார்கள். உள்ளே விழுந்த பிள்ளைக்குக் கால் முறிந்திருந்தது. மழைத் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது. இரண்டு மணி வரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

நாலே முக்காலுக்கு அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். வீடு பூட்டியிருக்கிறது, மகளைக் காணவில்லை. கத்தவில்லை. போனை என் மனைவியிடம் நீட்டினாள். "எனக்கு ஒண்ணும் வரலை டீச்சர். வரலைன்னா பத்திரம்னு சொன்னீங்களே" என்றாள். சொன்னது நான். ஆனால் அவள் என் மனைவியைத்தான் பார்த்தாள். ஆறு மணிக்குப் பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள்.

"நான் சிவப்புதாங்க போட்டேன்" என்று மறுநாள் முழுக்க என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே."

"அது ஒத்திகை அன்னிக்கும்மா. அந்த ஜுரக்காரப் பையனுக்காகப் பண்ணினே."

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். அந்த அழைப்பு இல்லை. அவள் குளிக்கப் போனபோது நான் அழித்திருந்தேன். என் வேலையில் இது கடினமான காரியம் இல்லை.

"கை பட்டு ரெண்டாவது தட்டு விழுந்திருக்கும். யாருக்கும் நடக்கும்" என்றேன். குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் வீட்டில் நான் என்றைக்கும் குரலை உயர்த்தியதில்லை.

அவள் உடனே நம்பவில்லை. கவனமான பெண் என்று சொன்னேன் அல்லவா. அதனால் சில சின்ன விஷயங்கள் செய்ய வேண்டியிருந்தது. அவள் சமைத்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனதும் இன்னொரு தடவை உப்புப் போட்டேன். சாப்பிடும்போது ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்தேன். அவளே வாயில் வைத்துப் பார்த்து, "ரெண்டு தடவை போட்டுட்டேனா?" என்றாள். பூட்டின கதவைத் திறந்து வைத்தேன். நாலைந்து தடவைக்கு மேல் தேவைப்படவில்லை.

மூன்றாவது வாரம் அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான்தாங்க ரெண்டு தடவை தட்டிட்டேன்" என்றாள். அணைத்துக்கொண்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். கல்யாணமான புதிதில்கூட அவள் என் தோளில் அப்படிச் சாய்ந்ததில்லை. விசாரணைக் குழுவிடம் எழுதிக் கொடுத்தாள். வேலை போயிற்று. அதன் பிறகு நான்தான் சமைக்கிறேன், தலை வாரி விடுகிறேன், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன்.

இப்போதெல்லாம் அவளுக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. தட்டும்போது கண்ணாடியில் வெயில் பளிச்சென்று அடித்ததாம். அதனால் சரியாகத் தெரியவில்லையாம். அன்று விடிந்ததிலிருந்து மழை, மேடம். நான் திருத்தவில்லை.

காலை உணவுக்குப் பிறகு அவள் சாப்பாட்டு மேசையில் சுட்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். விரலைத் தூக்கிப் பார்ப்பாள்.

"ஒரு தடவைதான் பட்டுச்சு, இல்லங்க?"

"ரெண்டும்மா" என்பேன். பிறகு அலுவலகத்துக்குக் கிளம்புவேன்.

நீங்கள் இந்தக் காகிதத்தைக் காட்டாமல் இருந்திருந்தால் இவ்வளவும் சொல்லியிருக்க மாட்டேன். இறந்துபோன பிள்ளைக்கு எப்படி வருகை விழுகிறது என்று இந்தக் கருவியைச் செய்து கொடுத்த நிறுவனத்தார் தேடிப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். நூற்றுப் பதினான்கு பள்ளி நாட்கள். ஒவ்வொரு நாளும் ஒன்பது இருபத்தாறு. என் கணினி. அதே கட்டம், பச்சை.

முதல் நாளுடையது என்னுடையது. அதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற நூற்றுப் பதிமூன்றும் நான் செய்ததாக எனக்கு நினைவே இல்லை. அந்த நேரத்தில் அறையில் நான் மட்டும்தான் இருப்பேன். கதவு சாத்தியிருக்கும். பிறகு எப்போதோ ஒன்பதரை ஆகியிருக்கும், கை மேசை மேல் இருக்கும், தேநீர் ஆறியிருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கருவியில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தவன் நான். அதில் கோளாறு கிடையாது.

இன்று இங்கே கிளம்பும்போது, "என்னையும் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள்.

"உனக்கெதுக்கும்மா அலைச்சல், நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பச்சை போட்டது நான். ஒரு மணிக்குத் தெரிந்தும் திருத்தாதது நான். குற்றத்தை மனைவி மேல் போட்டு, அதை அவளையே நம்ப வைத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை அவளிடம் சொல்லாதீர்கள். ஒரு குழந்தையின் சாவுக்குக் காரணமான பிறகும் தன்னை மன்னித்து ஏற்றுக்கொண்ட கணவன் ஒருவன் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் அவள் எழுந்து நடமாடுகிறாள். அதையும் பிடுங்கிவிட்டால், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், மேடம்.