குறியிட்ட இடத்தில் நான்

சாயங்காலம் ஐந்து மணிதான். ஆனால் டிசம்பர். அயோவாவில் அதற்குள் கும்மிருட்டு. சோளம் அறுத்த வயல்களுக்கு நடுவே ஒரு சரளைச் சாலை... அதில் ஒரே ஒரு கார்.

ஓட்டியவர் ஆர்லோ ஸ்டென்ஸ்ருட். அதோ அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறாளே மார்லிஸ், அவளுடைய பெரியப்பா. ஊர் வரலாற்றுக் கழகத் தலைவர். கழகத்தில் பாதிப் பேர் காபிக்கு வருகிறவர்கள். அவர் நடையோ ஆளுநர் நடை. மனைவி போனபின் அவர் வீட்டுத் தொலைபேசி அடித்தால் அது தவறான எண்.

பின்சீட்டில் போர்வை சுற்றிய பெரிய புகைப்படம். அந்தக் காலத்தில் சூறாவளி அடித்தால் மறுநாளே படக்காரர் வந்துவிடுவார். இடிபாட்டைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்பார். வாங்குகிறவர்கள், தாங்கள் எங்கே என்று உறவுக்காரருக்குக் காட்ட மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்புவார்கள். அப்படியொரு பழைய அட்டையில் பலகைக் குவியல்மேல் இடுப்பில் கைவைத்து நின்றார் ஆர்லோவின் தாத்தா. பூட்ஸ் அருகே குறி. பின்பக்கம் ஒரே வரி: 'குறியிட்ட இடத்தில் நான்.'

அதைத்தான் ஆர்லோ பெரிதாக்கியிருந்தார். நாளை கழகத்தில் கண்காட்சித் திறப்பு விழா. தலைப்பு, 'மீட்பு வீரர்'. பெருமைப்பட அவருக்கு மிச்சமிருந்தது அந்தத் தாத்தா ஒருவர்தான்.

அன்று மத்தியானமே மார்லிஸ் சொல்லியிருந்தாள். "பெரியப்பா, குறி ஆள்மேல இல்லையே. பலகை மேலதானே இருக்கு."

"மை வழுக்கியிருக்கும்மா. அந்தக் காலத்துப் பேனா."

"பொம்பளை கையெழுத்தாட்டம் இருக்கு."

"தாத்தா எழுத்து அழகா இருக்கும்."

பாலம் தாண்டியதும் காருக்குள் ஒரு வாடை. ஈரப் பலகை... மண்ணெண்ணெய். அப்புறம் பின்சீட்டிலிருந்து, டொக்... டொக்.

நிறுத்தினார். சத்தமில்லை. கிளப்பினார். டொக்.

வீடு வந்தது. சூறாவளிக்குப் பின் தாத்தா கட்டியது. இடிபாட்டை அப்படியே, சூறாவளி வந்தால் வீட்டார் பதுங்கும் பழைய நிலவறைக்குள் தள்ளி மூடி, மேலேயே எழுப்பினாராம். என்ன சிக்கனம் என்று ஆர்லோ எல்லா விருந்திலும் சொல்வார். விருந்துக்கு யாரும் கூப்பிடாமல் போன பிறகு தனக்கே சொல்லிக்கொள்வார்.

படத்தை அடுக்களை மேசையில் சாய்த்தார். போர்வையை உருவினார். இப்போது சத்தம் படத்திலிருந்து வரவில்லை. தரைக்கு அடியிலிருந்து...

டொக்.

அன்றிரவு மார்லிஸுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு அவர் சொன்ன அளவுக்குத்தான் நமக்குத் தெரியும். பயந்து ஓடவில்லையாம். மெல்லத் தரையில் உட்கார்ந்தாராம். காதை வைத்தாராம்.

"ரொம்ப நாளா தனியா இருக்கியா?" என்று கேட்டாராம்.

டொக்.

"நானுந்தான்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் தலைவர் இல்லை என்கிறாள் மார்லிஸ். காபி போட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் விழாவுக்கு அவர் வரவில்லை. மார்லிஸ், அடியில் தன் பெயர் ஒட்டிய பாத்திரத்தில் சூடாக உருளைக்கிழங்கு பதார்த்தம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் அவர் கார் நின்றது. கதவு திறந்திருந்தது. மேசையில் இரண்டு கோப்பை, இரண்டும் காலி. தரையில் ஒரு பலகைகூடப் பெயரவில்லை. ஆர்லோ இல்லை.

படம் அப்படியே இருந்தது. குவியல்மேல் தாத்தா. பூட்ஸ் அருகே குறி. அதை ஒட்டி, தோளோடு தோளாக, இன்னொரு குறி.

மார்லிஸ் விரலால் தொட்டுப் பார்த்தாள். மை ஈரம். விரலில் ஒட்டிக்கொண்டது.

அது மூன்று குளிர்காலத்துக்கு முன்... அடுப்புக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தும் அவள் ஏன் கையுறையைக் கழற்றவில்லை என்று நினைத்தீர்கள்?