பழி போன கை

செல்பி எல்லாம் வேண்டாம் சார். மேடைக்கு உங்களைக் கூப்பிடுறதுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கிடுறேன். நீங்கதான படம் எடுத்தது? பட்டாசு மருந்து ரூமுக்குள்ள எவளாவது கொலுசு போட்டுட்டு ஓடுவாளா? எங்க ஊர்ல உரசித் தீப்பிடிச்சிரும்னு செருப்பையே வெளிய கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போவோம்.

அழகுக்காகவா? சரி, விடுங்க.

படமாக்குன புத்தகத்தை முழுசாப் படிச்சீகளா, இல்ல அட்டையப் பாத்துட்டு எடுத்தீகளா? கோவப்படாதீக. நான் பத்தாவதோட நின்னவ. ஆனா அந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம். சின்னப்பிள்ளைக புத்தகந்தான், நாப்பது பக்கம். அக்காக்காரி பொம்மைய பூதத்தோட அறையில மறந்து வச்சிருவா. போய் எடுத்துட்டு வாடின்னு தங்கச்சிய அனுப்புவா. பூதம் முழுங்கிரும். அம்புட்டுதான். கடைசிப் பக்கம் பூராம் கருப்பு, ஒரு எழுத்து கிடையாது.

நீங்க பூதத்தைப் பட்டாசுக் கம்பெனியா மாத்துனீக. அது சரிதான், ஒத்துக்கிடுறேன். தங்கச்சியப் பொழைக்க வச்சு எதுக்குப் பாட்டுப் பாட விட்டீக? அக்காவ எதுக்கு நல்லவளாக்குனீக? பழியத் தூக்கி ஒரு போர்மேன் தலையில போட்டாச்சு.

என்னது, பிள்ளைக பயந்துருமா? பயப்படட்டுமே. பயந்தாத்தான உள்ள போகாது.

வில்லன் வேணும்னா வச்சுக்கோங்க. அவனுக்கு இடது கை வெந்த மாதிரி எதுக்குக் காட்டுனீக? சூட்டிங் வந்தப்ப எங்க ஒச்சப்பன் மாமா கையப் பாத்துட்டுத்தான? இங்கன கை வெந்த போர்மேன் அவர் ஒருத்தர்தான். டீக்கடையில, ஏலே பிள்ளைய உள்ள அனுப்புனவன் வாரான்லேன்னு சிரிக்காக. அவர் மக ஞானசுந்தரிக்குப் பூ வச்சிட்டுப் போனவுக, படம் பாத்துட்டு சம்பந்தமே வேண்டாம்னுட்டாக. அந்தக் கை எப்படி வெந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா? எரிஞ்ச ரூமுக்குள்ள கெடந்த பிள்ளைய இழுக்கப் போயி வெந்தது.

கற்பனைன்னு ஆரம்பத்துலயே போட்டீகளா? அதை எவன் வாசிக்கான்? சீட்டு நம்பர் தேடிக்கிட்டு இருக்கான்.

இப்ப மேடையில சொல்லுங்க. அந்த ஆளு அனுப்பல, புத்தகத்துல அனுப்புனது அக்கான்னு. ஒரு நிமிசப் பேச்சு. முடியாதா? புரொடியூசர்ட்ட கேக்கணுமா? அப்ப தள்ளுங்க, நானே ஏறிச் சொல்லிக்கிடுறேன்.

எனக்கு எப்படித் தெரியுமா? அதை எழுதுன டீச்சர்ட்ட சொன்னதே நான்தான சார். பொம்மைன்னு அவுகளா மாத்திக்கிட்டாக. நெசத்துல அது போனு. கம்பெனிக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது, நான் மருந்து ரூம்ல மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன். செக்கிங் வருதுன்னு சொன்னாக. பள்ளிக்கூடம் லீவுன்னு எனக்குச் சோறு கொண்டு வந்திருந்தா என் தங்கச்சி யோகலட்சுமி. சின்னப்பிள்ளைய யாரும் சோதிக்க மாட்டாகன்னு, நான்தான் அவளைப் போய் எடுத்துட்டு வரச் சொன்னேன்.

வழிய விடுங்க சார்.