அத்தான் வீட்டிலை இல்லை

"ஹலோ... ஹலோ... ஓம், அக்காதான். கனிசியஸே? கொஞ்சம் பலத்துக் கதை, இரையுது... ஓம், ஓம், இப்ப கேக்குது. சுகமா இருக்கிறியே ராசா?... என்னது? ஏன் சிரிக்கிறாய்?... முதல் சிரிச்சு முடி. பிறகு சொல்லு."

யோசப்பின் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள். குருநகரில் அந்தத் தெருவுக்கே மார்க்கண்டரின் இரும்புக் கடையில்தான் ஒரு தொலைபேசி இருந்தது. ரொறன்ரோவிலிருந்து தம்பி போன் எடுத்தான், சற்று நேரத்தில் திரும்ப எடுப்பானாம் என்று அவரே காலையில் நடந்து வந்து சொன்னார். கூட்டிக்கொண்டு போய் மேசையடியில் இருத்திவிட்டு, கடை வாசலில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இன்றைக்கு அவள் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தெரியாதவன் கனிசியஸ்தான்.

அவளுடைய புருஷன் சிமியோன் புரட்டாதியில் ஷெல் பட்டு இறந்துபோனான். தாயும் தகப்பனும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்ட பிறகு, சின்னப் பிள்ளையாக நின்ற கனிசியஸைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு திரிந்து, படிப்பித்து, ஆளாக்கிக் கனடாவுக்கு அனுப்பிவைத்தவன் சிமியோன்தான். இதைக் கடிதத்தில் எழுத அவளுக்குக் கை வரவில்லை. வாயால் சொல்லலாம் என்று காத்திருந்தாள். வரும் வழியெல்லாம் சொற்களைக்கூட அடுக்கிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் அவன் சிரித்துக்கொண்டல்லவா வந்தான். கனடா போன நாளிலிருந்து அவன் கதைத்த ஒரு தடவையும் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

"என்ன வீன்?... ஹலோவீனோ? நீ ஹலோ எண்டுறாய் எண்டெல்லே நான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறன்... ஓ... ஓம்... நாளைக்கே?... பிள்ளையள் பேய் வேசம் போட்டுக்கொண்டு வீடு வீடா வருங்களோ? அதுகளுக்கு இனிப்பும் குடுக்கோணுமோ? நல்ல பேயள்தான்!... ஓம்... ஓம்... உன்னோடை சாப்பாட்டுக் கடைக் குசினியிலை வேலை செய்யிற வெள்ளையளும் வருவினமே? எல்லாரும் இருந்து விடிய விடியப் பேய்ப்படமே? உங்களுக்கு வேறை வேலை இல்லையே!"

தன் குரலிலும் சிரிப்பு வந்துவிட்டதைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

"படம் தெரிஞ்செடுக்கிற பொறுப்பு உனக்கோ? ஏன் உன்னட்டை விட்டவங்கள்?... ஆ, நீயே அளந்துபோட்டாய். ஊரிலை என்ரை அத்தான் வீடியோக் கடை வைச்சிருக்கிறார், பேய் வீட்டுப் படத்திலை அவர் பாக்காதது இல்லை எண்டு... பின்னை, அகப்படத்தானே வேணும்!... ஆ?... ஆரை?... அத்தானையோ?..."

மார்க்கண்டரின் முதுகு அசையவில்லை. இதுதான் அந்த நேரம் என்று யோசப்பினுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"அத்தான்... அத்தான் வீட்டிலை இல்லையடா. சுன்னாகத்துக்குப் போட்டார்... ஓம், ஒரு கலியாண வீடு. படம் போட டெக்கும் ரீவியும் கொண்டு போனவர்... பின்னேரமோ? தெரியாது... வேண்டாம், வேண்டாம், நீ திரும்ப எடுக்காதை. ஏன், என்னட்டைக் கேட்டால் என்ன? நானும் கடையிலை இருந்து எல்லாம் பாத்தனான்தானே."

பார்த்தவள்தான். வீட்டு முன்னறைதான் கடை. கரண்டு நின்றால் ஜெனரேற்றரை இழுத்துவிட்டு, அயலட்டைச் சனத்தை நிலத்தில் இருத்தி சிமியோன் படம் போடுவான். சண்டைப் படமும் காதல் படமும் வாடகைக்குப் போகும். பேய் வீட்டுப் படங்களை மட்டும் அவன் தனக்கென்று வைத்திருந்தான். ஆங்கிலப் பெயர்கள் சனத்துக்கு வாயில் வராதென்று, ஒவ்வொரு கசற்றுக்கும் தானே ஒரு பெயர் வைத்து ஒட்டியிருந்தான்.

"முதல் மணி வீட்டைப் போடு... அதுதான்ரா, கறுப்பு வெள்ளை. வேலைக்காரர் எல்லாரும் விட்டிட்டுப் போன வீடு. ஆனால் குசினி மணி மட்டும் அடிக்கும், மேல் அறையிலையிருந்து ஆரோ கூப்பிடுறமாதிரி... ஓம், ஓம், அதேதான். நீ என்ரை சீலைக்குள்ளை தலையை நுழைச்சுக்கொண்டு, 'முடிஞ்சுதே, முடிஞ்சுதே' எண்டு கேட்டனி... பொய்யோ? அத்தானைக் கேட்டுப் பார்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, சரி... ரெண்டாவது ஏணி வீடு. அதுதான் எல்லாத்திலும் பயம். அதைக் கடைசியிலை போட்டிடாதை... ஏனோ? சனம் பிறகு இருட்டுக்குள்ளை வீட்டை நடந்து போகோணுமெல்லே! அத்தான் எப்பவும் அப்பிடித்தான் போடுறவர்... ஐயோ, வெள்ளைச் சீலையும் சலங்கையும் வாற படங்கள் வேண்டாம். பேயைக் காட்டினால் பயம் போச்சு எண்டு சொல்லுறவர்... ஓம்... கடைசியா அந்தக் கடற்கரை வீடு. பிள்ளையள் எல்லா யன்னலையும் திறந்துவிட, அந்தச் செத்த கிழவன் எழும்பிப் போவான். ஒரு சத்தமும் போடாமல் போவான். அதோடை படம் முடியும்... ஓம், வடிவான படம்."

கம்பியில் இரைச்சல் கூடிக் குறைந்தது.

"இங்கிலீசுப் பேரோ?... அது எனக்கெங்கை தெரியும்? மணி வீடு எண்டால் அங்கை கடைக்காரனுக்கு விளங்காதுதான்... ஓம், அத்தானுக்குத்தான் தெரியும்... எந்தக் கலியாண வீடெண்டோ? சுன்னாகத்திலை அந்த வீட்டிலை போன் இல்லையடா... ஓம் எண்டுறன்... தம்பி, விடன். மூண்டு படத்தை நீயே பாத்து எடன். எது எடுத்தாலும் அவங்களுக்குப் பயம்தானே... கோவிக்கேல்லை. நான் ஏன் கோவிக்கிறன்?"

அவன் பேச்சை மாற்றினான் போலும். அவளுக்கு மூச்சு வந்தது.

"ஓம், ஞாயிற்றுக்கிழமைதான் ஆத்துமாக்கள் திருநாள். மறப்பனே? நேற்றே சேமக்காலைக்குப் போட்டு வந்திட்டன். புல்லெல்லாம் செதுக்கி, மூண்டு குழிக்கும் வெள்ளை மணல் பரப்பிப்போட்டன். இனி மெழுகுதிரிதான்... ஹலோ?... ஹலோ, கேக்குதே?... என்ன மூண்டு?"

மார்க்கண்டர் திரும்பிப் பார்த்தார்.

"இல்லை... ரெண்டு. அப்பான்ரையும் அம்மான்ரையும். வாய் தவறிச் சொல்லிப்போட்டன்... அழேல்லை. நான் அழேல்லையடா, தடிமன், மூக்கடைப்பு... ஏன் இப்ப ஆணையிடச் சொல்லுறாய்?... சும்மா இரு தம்பி... மாதாவிலை ஆணையிட்டு என்னெண்டு நான்... கனிசி... கனிசி, அக்கா சொல்லுறதைக் கேள். ஒரு இடத்திலை இரு. இருக்கிறியே?... அத்தான் இல்லை ராசா. எங்கடை அத்தான் இல்லையடா."

அந்தப் பக்கத்திலிருந்து வந்ததைக் கேட்க முடியாமல் அவள் ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கினாள். பிறகு அது தவறென்று நினைத்தவள்போலத் திரும்பவும் காதோடு சேர்த்துக்கொண்டாள்.

"அக்காவை ஏசு... ஏசடா, கேட்டுக்கொண்டிருக்கிறன்... ஓம், பிழைதான். உன்னட்டைத்தான் முதல் சொல்லியிருக்கோணும்... புரட்டாதியிலை... சுன்னாகத்துக் கலியாண வீடு உண்மைதான். அண்டைக்குத்தான் போனவர். டெக்கைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு திரும்பி வரேக்கை, எங்கடை ஒழுங்கை முகப்பிலை ஷெல் விழுந்தது... ஓம், வீட்டுக்குக் கிட்டத்தான். சத்தம் கேட்டு நான்தான் ஓடினனான்... இல்லை. இல்லையடா. ஒரு வேதனையும் படேல்லை. உடனை. அந்த இடத்திலையே... ஒண்டும் சொல்லேல்லை. சொல்ல எங்கை நேரம்?... முகத்திலை ஒரு கீறலும் இல்லை. நித்திரை கொள்ளுறமாதிரித்தான் இருந்தவர்..."

"ஆர் தூக்கினதோ? எல்லாரும்தான்... மார்க்கண்டரும் ஒரு பக்கம் பிடிச்சவர்... நீ இல்லையெண்டு எல்லாரும் சொல்லிச் சொல்லி அழுதவை. நீ இருந்தால் நீதானே கொள்ளி... சீ, நான் என்ன கதைக்கிறன், நாங்கள் புதைக்கிறனாங்கள். நீதானே முதல் மண் போட்டிருக்கோணும்."

வெளியே யாரோ ஆணி வாங்க வந்தார். மார்க்கண்டர் கையைக் காட்டி, பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

"என்ன சொல்லுறாய்?... வரக்கூடாது. கனிசி, சொன்னால் கேள், நீ வரக்கூடாது! உன்னை அங்கை அனுப்பிப்போட்டுத்தான் அந்த மனுசன் நிம்மதியா நித்திரை கொண்டது. இனி நீ வந்து என்னத்தைப் பாக்கப்போறாய்? மண்ணைத்தானே... உன்ரை அக்கா உயிரோடை இருக்கிறாள். உன்னையும் அந்த மண்ணுக்குள்ளை வைச்சிட்டு நான் ஆரோடை கதைக்கிறது?... கனிசி?... ஹலோ?... ஆர் இது?... கிறகோரியே?"

கிறகோரி அதே தெருப் பெடியன். அங்கே கனிசியஸோடு ஒரே அறையில் இருக்கிறான்.

"ஓம் தம்பி... ஓம், உண்மைதான். உனக்கும் தெரியாதோ?... அழாதை. நீயும் அழுதால் அவனை ஆர் பாக்கிறது?... என்ன செய்யிறான்?... நிலத்திலை இருக்கிறானோ. இருக்கட்டும். தனிய விட்டிடாதை. தேத்தண்ணி ஒண்டு போட்டுக் குடு, சீனி கூடப் போடு. நாளைக்கு வேலைக்கு விடாதை, கத்தியோடை நிக்கிற வேலை... படமோ?... அது உங்கடை விருப்பம் ராசா. சனத்துக்குச் சொல்லிப்போட்டால் கூப்பிடுங்கோ. நாலு பேர் பக்கத்திலை இருந்தால் அவனுக்கும் நல்லம்... ஓம்... அவனிட்டைக் குடு."

தம்பியின் மூச்சுச் சத்தம் வந்தது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டு மேசையில் கிடந்த இரும்புச் சுருளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓம், நிக்கிறன்... எங்கையும் போகேல்லை... என்ன?... வீட்டிலையோ? ஓம், தனியத்தான் படுக்கிறனான்... சனம் எங்கை? கோட்டை ஆமியின்ரை ஷெல்லுக்குப் பயந்து எல்லாரும் எழும்பிப் போட்டினம். எங்கடை ஒழுங்கையிலை முக்கால்வாசியும் வெறும் வீடுதான்... பயமோ?"

அவள் யோசித்தாள். இதற்கு மட்டும் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"பயமில்லை ராசா. முதல் கிழமையெல்லாம் நான் கதவுக்குக் கொண்டி போடேல்லை, தெரியுமே? வந்தால் வரட்டும் எண்டு. அவ்வளவு படம் பாத்த மனுசன், ஒரு மணியாவது அடிக்கமாட்டாரே, ஒரு யன்னலாவது ஆடாதே எண்டு முழிச்சுக்கொண்டு கிடந்தனான்... ஒண்டுமில்லையடா. ஒரு சத்தமும் இல்லை. வெறும் வீடு. பேய் உள்ள வீடெண்டால் எவ்வளவு நல்லம், கனிசி... அழாதை. நான் சும்மா சொன்னனான்... ஓம்... ஓம்... சாப்பிடுறன். நீ சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை உன்ரை பேரிலையும் ஒரு திரி கொழுத்திவிடுறன், அத்தானுக்கு... என்ன சொன்னனி? கேக்கேல்லை... பலத்துச் சொல்லு... ஹலோ?... கனிசி?... ஹலோ?"

கம்பி செத்துவிட்டது. இரைச்சல்கூட இல்லை.

மார்க்கண்டர் உள்ளே வந்து, "வெட்டுப்பட்டிட்டுதே பிள்ளை?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். அவர் திரும்பவும் வாசலுக்குப் போனார். யோசப்பின் ரிசீவரை வைக்கவில்லை. காதோடு பிடித்தபடி, வாயை அதன் துளைகளுக்கு மிகக் கிட்டக் கொண்டுபோய்ப் பேசினாள்.

"தம்பி... உடனை போகேல்லையடா. பின்னேரம் மட்டும் உயிரோடை கிடந்தவர். ஆசுப்பத்திரி விறாந்தையிலை, பாயிலை. என்ரை கையை விடவேயில்லை. நல்ல நினைவோடை கதைச்சவர். 'கனிசிக்கு இப்ப சொல்லிப்போடாதை, பெடியன் பயந்துபோவான், அங்கை பக்கத்திலை ஆரும் இல்லை' எண்டவர். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவர். என்னை ஒண்டும் கேக்கேல்லை. உன்னைப் பற்றித்தான்... கடைசி மட்டும் உன்னைப் பற்றித்தான்."

பிறகு ரிசீவரைச் சத்தம் வராமல் அதன் இடத்தில் வைத்தாள்.