ஆகஸ்ட் மார்க்

— கண்ணைக் கசக்காதே, கோர்டெல். விளக்கு கூசினா சொல்லு, அணைச்சிடறேன்.

— விளக்கு என்ன பண்ணுச்சு மிஸ் வெர்லீன், பாவம். தூசி விழுந்திருச்சு.

— சனிக்கிழமை மேட்ச்ல விழுந்த தூசி, வியாழக்கிழமை வரைக்கும் போகலையா? பஸ்ஸுக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்தியே, அதுவும் தூசிதானா?

— அந்த ஊர்க் கோழி வறுவல் சரியில்லை.

— டீமே அந்தக் கோழியைத்தான் தின்னுச்சு. வேற ஒருத்தன்கூட ஓரமா ஒதுங்கலை. காலை நீட்டு, கணுக்காலுக்கு டேப் சுத்தணும். சுத்திக்கிட்டே பேசறேன்.

— ஆடலாம்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டார். இன்னும் என்ன பேச்சு?

— டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து எழுதினார். நான் உன்னைப் பார்த்துப் பேசறேன், கண்ணு. பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடி வந்தவனைத் தலையால முட்டிச் சாய்ச்சே. அவன் எழுந்து அவன் பாட்டுக்குப் போயிட்டான். நீ எழுந்து எங்க போனே?

— எங்க பெஞ்சுக்கு.

— எதிர் டீம் பெஞ்சுக்கு. அவங்க கோச்தான் தோளைப் பிடிச்சுத் திருப்பி விட்டார்.

— ஹெல்மெட்டை மாட்டிட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரியறாங்க. விடுங்க.

— அவங்க சிவப்பு. நாம பச்சை.

— சரி, விடுங்க. அப்புறம்தான் கம்ப்யூட்டர்ல ஞாபகப் பரிசோதனை வெச்சீங்களே. வார்த்தையைக் காட்டி மறைச்சீங்க, கட்டத்தைக் காட்டி மறைச்சீங்க. ஆகஸ்ட்ல, சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த அதே மார்க்தான் இப்பவும் வந்துச்சு. தலை அப்படியே இருக்குன்னுதானே அர்த்தம்?

— அங்கதான் எனக்கு உதைக்குது. அடிபடாத தலையும் அடிபட்ட தலையும் ஒரே மார்க் எடுக்குமா?

— எடுத்துச்சே.

— அடிபட்ட பசங்களைப் பார்த்துக்கற இந்த வேலைக்கு நான் என்ன நேத்தா வந்தேன்? ஆகஸ்ட்ல நீங்க எல்லாரும் வேணும்னே மக்கு வேஷம் போடறது எனக்குத் தெரியும். முதல் மார்க்கைக் குறைச்சு வெச்சுக்கிட்டா, நடுவுல மண்டை கலங்கினாலும் வித்தியாசம் தெரியாது, ஆட விட்டுடுவாங்க. புதுசா வர்ற ஒவ்வொருத்தன் காதுலயும் சீனியர் ஓதற முதல் பாடமே அதுதானே.

— எங்க காதுல ஓதினது பிரிஸ்கோ.

— அவனா. இந்த ஊர்ப் பொண்ணுங்க போன் நம்பர் பூரா அவனுக்கு மனப்பாடம். ஆனா ஆகஸ்ட்ல, 'ஆப்பிள்'னு இப்பத்தான் பார்த்த வார்த்தை ஞாபகம் இல்லையாம். மார்க்கைப் பார்த்துச் சிரிச்சிட்டு எடுத்து உள்ள வெச்சேன். எல்லாருதையும் அப்படித்தான் வெச்சேன்.

— என்னுதையுமா?

— உன்னுது பிரிஸ்கோவைவிட மோசம். பயல் ரொம்பத்தான் நடிச்சிட்டான்னு நினைச்சேன்.

— ம்.

— இப்பக் கேளு. ஏமாத்தினேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ஆகஸ்ட் மார்க் செல்லாதுன்னு டாக்டர்கிட்ட பேசி, நாளன்னைக்கு உன்னை உட்கார வெச்சிடறேன். காலேஜ்ல ஒருத்தரும் உன்னை ஒண்ணும் கேட்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.

— நாளன்னைக்கு ஃபைனல்.

— தெரியும்.

— மிசிசிப்பி மாநிலமே பார்த்துச் சிரிச்ச ஃபுட்பால் டீம் இது. நான் சேர்ந்த வருஷம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலை. முடி வெட்டப் போனா, 'தோக்கறதுக்குப் போற தலைக்கு அலங்காரம் வேறயா'ன்னு கேட்டான் அந்தாளு. இந்த சீசன்ல அதே ஆள் எங்க போட்டோவைக் கண்ணாடிக்கு மேல மாட்டியிருக்கான். இப்பப் போய் உட்காருங்கறீங்க.

— உட்காருன்னுதான் சொல்றேன். முதல் அடி ஆறறதுக்குள்ள ரெண்டாவது அடி விழுந்தா மூளை வீங்கிடும், கண்ணு. மைதானத்துலயே. ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். வேற காலேஜ்ல ஒரு தடவை பார்த்துட்டேன். அந்தப் பையனும் இப்படித்தான் வாய்க்கு வாய் பதில் வெச்சிருந்தான்.

— பயமுறுத்தறீங்க.

— பயப்படு. பயந்தாத்தான் பிழைப்பே. டேப் இறுக்குதா?

— இல்லை, சரியா இருக்கு.

— அடுத்த காலைக் குடு. ... இது சுத்தின கால், கோர்டெல். அந்தக் கால்.

— ஆமால்ல.

— யாருக்குப் பயப்படறே? கோச்சுக்கா?

— கோச் கத்துவார். அப்புறம் வயிறு நிறைஞ்சா மறந்துருவார். விடுங்க.

— அப்ப அம்மாவுக்கா?

— அம்மா சர்ச்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. வேன் வேனாக் கிளம்பறாங்க. பாஸ்டரும் வர்றார். என் நம்பர் போட்ட சட்டையைப் பிரசங்க அங்கிக்குள்ள போட்டுட்டு வருவாராம்.

— வரட்டும். நீ பெஞ்சுல உட்கார்ந்து அவங்களைப் பார்த்துக் கையாட்டு. உசுரோட கையாட்டு. அடுத்த வருஷம் மறுபடி வேன் ஏறட்டும்.

— இப்ப ஏமாத்தினேன்னு சொல்லிட்டேன்னு வைங்க. அப்புறம்?

— அப்புறம் ஓய்வுதான். வெளிச்சத்துல நிக்காதே, போனைத் தொடாதே, நல்லாத் தூங்கு. ஜனவரியில மறுபடி பரிசோதனை வைப்போம். இந்தத் தடவையாவது நடிக்காமச் செய். உன் பழைய தலை திரும்பி வந்திருக்கும், மார்க் ஏறியிருக்கும். ஆகஸ்ட் மார்க்கை அழிச்சுட்டுப் புதுசை வெச்சிடறேன்.

— ஏறலைன்னா?

— ஏன் ஏறாது? இருபது வயசுப் பையன் நீ. இருந்தது திரும்பி வராம எங்க போகும்?

— சும்மா கேட்டேன்.

— கேட்டது ஒரு வார்த்தை, கோர்டெல். டீமே சேர்ந்து பண்ற திருட்டு, அதுல நீயும் ஒருத்தன், அவ்வளவுதானே. எனக்கு அதுல கோபமே இல்லை. ஏமாத்தினேன்னு சொல்லிடு.

— சொல்லிருவேன். பொய் சொல்றது எனக்குப் பெரிய கஷ்டமில்லை.

— இதுல பொய் எங்க வந்துச்சு?

— ஆகஸ்ட்ல பிரிஸ்கோ பக்கத்துக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து சிரிச்சுச் சிரிச்சுத் தப்பா அழுத்திட்டு இருந்தான். நான் வேர்க்க வேர்க்க, ஒவ்வொண்ணா யோசிச்சு, நிஜமாத்தான் அழுத்தினேன், மிஸ் வெர்லீன். வந்ததே அவ்ளோதான்.