ரீனாவின் பக்கத்து இடம்

பிள்ளைகளுக்கு டீச்சரைவிடப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைதான் அதிகம் கற்றுக்கொடுக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. இத்தனை வருடம் பாடம் நடத்தி நான் கண்டது இதுதான்.

என் மகள் ரீனா என் வகுப்பில்தான் படித்தாள். அவள் பக்கத்தில் அழகுமீனா. அவள் அம்மா செல்லத்தாய்க்குத் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை. அழகுமீனா கெட்டிக்காரி, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ரீனா அவளைப் போலவே பேசினாள், சிரித்தாள். மதுரையில் நல்ல பள்ளியில் இடம் வாங்கினேன். "அழகுமீனா இல்லாம நான் போகமாட்டேம்மா" என்றாள். பெற்றவள் நான் இருக்க, எவளோ ஒருத்திதான் அவளுக்குப் பெரிதா?

அதட்டிப் பிரித்தால் இன்னும் ஒட்டிக்கொள்வார்கள். பிள்ளைகளைப் பிள்ளைகள்தான் பிரிக்க முடியும்.

தீபாவளி சீசனில் எங்கள் பக்கம் பல வீடுகளில் திருட்டுத்தனமாகப் பட்டாசு சுற்றுவார்கள். ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த வருடம் அதிகாரிகள் வந்து சரக்கை அள்ளினார்கள். என் மாணவன் தருண்குமாரின் அப்பாவைப் பிடித்துப் போனார்கள். மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏலே, ஸ்கூலுக்கு வந்த ஆபீசர்கிட்ட அழகுமீனாதான் உங்க வீட்டுச் சரக்கைப் பத்திச் சொல்லிப்புட்டாளாம். சின்னப்பிள்ளை, நீ ஒண்ணும் கேட்டுக்கிடாதே. யார்ட்டயும் சொல்லாதே."

மணியடிப்பதற்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டில் அவளுக்கு இடம் விடவில்லை. அவள் பையில் மண்ணை அள்ளிப் போட்டார்கள். ரீனா கொஞ்ச நாள் அவளோடு நின்றாள். ரீனாவையும் ஒதுக்கியதும் அவளும் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அழகுமீனா என்னிடம்தான் வந்து அழுதாள். "நான் சொல்லலை டீச்சர். நீங்களாச்சும் அவுககிட்ட சொல்லுங்க."

அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். போகப்போகச் சரியாகிவிடும் என்றேன்.

பொங்கலுக்குப் பிறகு அவள் வரவில்லை. வயதைக் கூட்டிச் சொல்லி அம்மாவோடு வேலைக்குப் போனாள். அவர்கள் வேலை பார்த்த, நீங்கள் இப்போது விசாரிக்கிற அந்த ஷெட் வெடித்தபோது எங்கள் ஜன்னல்கள் அதிர்ந்தன. நான் பாடத்தை நிறுத்தவில்லை. தாயும் மகளும் ஒன்றாகப் போனார்கள் என்று சாயங்காலம் சொன்னார்கள்.

அன்று வீடுகளில் சரக்கை அள்ளிய அதிகாரிகளுக்குப் போன் போட்டது நான்தான். சட்டப்படி அதில் தவறில்லை.

ரீனா இப்போது மதுரை விடுதியில் இருக்கிறாள். மறுபேச்சில்லாமல் போனாள். யாரோடும் பேசுவதில்லையாம். நான் பார்க்கப் போனாலும் வாய் திறப்பதில்லை. படிப்பில் அவ்வளவு கவனம் வந்துவிட்டது.