முப்பத்தேழு தரம் தட்டின கள்ளன்

முப்பத்தேழு தரம், அண்ணை. முப்பத்தேழு. ஒருத்தன்ர வீட்டுக் கதவை ரெண்டு கிழமைக்குள்ள முப்பத்தேழு தரம் ஒராள் தட்டினா அது விருந்தாளியோ கள்ளனோ, நீங்களே சொல்லுங்கோ... சரி, சொல்லாதேங்கோ. வாயில சின்ன ஆணி வச்சிருக்கிறியள், விழுங்கிப் போடுவியள். நான் சொல்லுறன், நீங்கள் கேளுங்கோ. கையில கிடக்கிறது ஆற்ற போன்? கோயில் பாதற்ற போனோ? அப்ப ஆறுதலாத் திருத்தலாம், அவருக்கு மேல நேர லைன் இருக்கு. என்ர அலுவல்தான் அவசரம்.

இப்ப ரெண்டரை. நாலு மணிக்கு போன் கேம் ஃபைனல். அறுபத்து நாலு ரீம் தொடங்கி, எல்லாரும் சுடுபட்டு விழுந்து, கடைசியில ரெண்டு ரீம் நிக்குது. அதில ஒண்டு எங்கட ஊர்காவற்றுறை. ஓம், சும்மா இல்லை. நான், ஜதுர்சன், வினோஜா. முந்தி நாலு பேர், இப்ப மூண்டு. மூண்டு பேர் நிண்டா விளையாட விடுவினம், ரெண்டு பேர் எண்டா வெளியதான். விளங்குதோ? எனக்கு ஏதும் நடந்தா ரீமே போச்சு.

அந்த நேரம் பாத்து ஒரு நாய் என்ர எக்கவுண்டுக்குள்ள பூரப் பாக்குது. ஒரு நாளைக்கு அஞ்சு தரம் பிழையான பாஸ்வேட் விழுந்தா, அடுத்த நாள் வரைக்கும் பூட்டுப்படும். இண்டைக்கு விடிய மட்டும் மூண்டு தரம் விழுந்திட்டுது. இன்னும் ரெண்டு தரம், அதோட நான் சவம். அதுதான் உங்களிட்ட வந்தனான். நல்ல பூட்டா ஒண்டு போட்டுத் தாங்கோ, நாலு மணிக்கு முன்னம்.

இதில பெரிய வேதனை என்னெண்டா, ஒவ்வொரு தரமும் எச்சரிக்கை மெசேஜ் வாறது அம்மாவுக்கு. நான் எக்கவுண்ட் துறக்கேக்க எனக்குப் பன்ரெண்டு வயசு, சொந்தச் சிம் இல்லை, அம்மான்ர நம்பரைக் குடுத்திட்டன். இப்ப அல்போன்சம்மாதான் என்ர காவல் அதிகாரி. விடிய ஆறு மணிக்கு குசினியில இருந்து ஒழுங்கை முழுக்கக் கேக்க, 'எடே றெக்ஷன்... உன்ர கம்பனிக்காரர் திரும்பவும் எழுதியிருக்கினம். ஆரோ உள்ளுக்க வரப் பாக்கினமாம். வரச் சொல்லட்டோ?' எண்டு கேப்பா. போன கிழமை மனுசி அதுக்குப் பதிலும் போட்டிருக்கு, அண்ணை. 'அறிவிச்சதுக்கு நன்றி, ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக' எண்டு. கம்பனி மிசினுக்கு.

சிரிக்காதேங்கோ, ஆணி.

நான் சும்மா இருக்கேல்லை. பாஸ்வேட்டைப் பதினொரு தரம் மாத்திப் போட்டன். சூடை, ஓரா, திருக்கை, கணவாய் எண்டு மீனெல்லாம் முடிஞ்சு இப்ப நண்டில நிக்கிறன். இண்டையான் பாஸ்வேட் நீலக்கால் நண்டு, பின்னால... மெல்லமாச் சொல்லட்டோ? அந்த ரீலோட் போட வந்த அக்காவுக்குக் கேட்டிருக்காதுதானே. சரி, கேட்டாலும் பறவாயில்லை, பின்னேரம் இறாலுக்கு மாறுவன். ஆனா நான் மாத்த மாத்த அவன் கூடத் தட்டுறான். முந்தி நாளுக்கு ஒருக்கா. இப்ப மூண்டு, நாலு. ரோசக்காறன்.

ஆர் எண்டு எனக்குத் தெரியும். மெசேஜில இடம் போட்டுத்தானே வருது, 'கொழும்பு' எண்டு. லீவுக்குக் கொழும்பில போய் நிண்டது ஆர்? மிதுஷன். எங்கட நாலாவது ஆள். அவன்ர மாமா ஆழ்வாப்பிள்ளைக்கு அங்க பலசரக்குக் கடை. கேமில என்னட்ட இருக்கிற தங்கக் கவசத்தைப் பாத்துப் பாத்து அவனுக்கு வாயூறினது, 'ஒரு நாளைக்குத் தாவன்ரா, ஒரே ஒரு நாள்' எண்டு மூக்கால கெஞ்சினவன். இப்ப களவா வாறான். வேற ஆர்?

அதுக்கு நான் ஒரு வேலை செய்தனான். உங்களுக்கு மட்டும் சொல்லுறன். திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போன் எடுத்தன். தொண்டையைக் கொஞ்சம் இறக்கி, மூக்கைக் கொஞ்சம் அடைச்சு, சிங்களப் பொலிஸ் தமிழ் கதைக்கிற மாதிரி... 'அலோ. நாங்க கம்பியூட்டர் பொலிஸ் பேசறது. ஒங்க கடையில மிதுஷன் சொல்லி ஒரு பையன் இருக்குதா?' அந்தப் பக்கம் ஆழ்வாப்பிள்ளை கதிரையை விட்டு எழும்பி நிக்கிற சத்தம் கேக்குது. பேந்து சொல்லுறார், 'ஐயா... ஐயா... எங்கட தராசு சரியான தராசு, ஐயா.' நான் தராசைப் பற்றி வாயே திறக்கேல்லை, அண்ணை. எனக்கு வயிறு வெடிக்குது, ஆனா பொலிஸ் சிரிக்க ஏலாதுதானே. 'தராசு பேந்து பாக்கறது. முதல்ல பையன் பாக்கறது' எண்டு சொல்லிக் கட் பண்ணினன்.

அண்டைக்கே மிதுஷனை பஸ்ஸில ஏத்தி அனுப்பிப் போட்டார். செவ்வாய் விடிய இஞ்ச வந்து இறங்கிறான், முகம் கறுத்துப் போய். அவன்ர தேப்பன் அரியநாயகம் வாசலிலயே பிடிச்சவராம். போனைப் பறிச்சு அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டி, திறப்பைப் பூணூல் மாதிரிக் கழுத்தில போட்டுக்கொண்டு திரியிறாராம். நான் மிதுஷனை ரீமை விட்டும் தூக்கிப் போட்டன். கள்ளனோட என்னெண்டு விளையாடுறது? அவன் வாசலில வந்து நிண்டு, 'நான் என்னடா செய்தனான், அதையாவது சொல்லு' எண்டு கேட்டவன். நான் கதவைச் சாத்திப் போட்டன். எனக்கு அந்த நேரம் சரியாத்தான் பட்டது.

என்ன கேக்கிறியள்? ஆணியை எடுத்துப்போட்டுக் கேளுங்கோ... செவ்வாய்க்குப் பிறகோ? ஓம், வந்தது. புதன் மூண்டு தரம், வியாழன் நாலு. ஓம், போன் அலுமாரிக்குள்ளதான். அதுதான் நான் யோசிச்சனான், இவனிட்ட ரெண்டாவது போன் இருக்கு எண்டு. இல்லையோ? ரெண்டாவது போன் வாங்க அரியநாயகம் விடுவாரோ... ம்.

வேற ஒண்டும் இடிச்சதுதான். இந்தக் கள்ளனுக்கு நேரசூசி இருக்கு. விடிய ஆறு மணி, இல்லாட்டிப் பின்னேரம் மூண்டுக்குக் கொஞ்சம் முன்னம். ஞாயிற்றுக்கிழமை எண்டா வாறதே இல்லை. கோயில் திருநாளண்டைக்கும் வரேல்லை. நல்ல பக்தியான கள்ளன். நான் நினைச்சன், ஞாயிறு மாமான்ர கடை பூட்டு, அதான் எண்டு. ஆனா மிதுஷன் சைவம், அந்தோனியார் திருநாளுக்கு அவன் ஏன் ஓய்வெடுக்கிறான் எண்டு... நீங்கள் ஏன் என்னை இப்பிடிப் பாக்கிறியள்?

எந்த லிஸ்ற்? எந்தப் போனில இருந்து வந்தது எண்டு காட்டுற லிஸ்றோ? இல்லை, நான் பாக்கேல்லை. கள்ளனை எனக்குத் தெரியுமே, பேந்தேன் லிஸ்ற்? சரி, இந்தாங்கோ, நீங்களே திறவுங்கோ. அதில... ஓம், அதை அமத்துங்கோ.

இஞ்ச பாருங்கோ. இஞ்ச பாருங்கோ, அண்ணை, இவன்ர துணிவை. போன்ர பேர் என்னெண்டு போட்டிருக்கு? 'றெக்ஷன் ராசா'. என்ர பேரையே வச்சுக்கொண்டு வாறான். இதுக்கெண்டே பொலிஸுக்குப் போகவேணும், மெய்யான பொலிஸுக்கு. நான் என்ர பழைய போனுக்குத்தான் அந்தப் பேரை...

...

அந்தப் போனுக்கு நீங்கள்தானே கண்ணாடி மாத்தினது. மாசி மாசம். ஓம். அப்பா வலை போட்ட இடத்தைப் பாக்கிறதுக்கு வேணும் எண்டு கேட்டவர். பொலித்தீன் பையில சுத்தி, வள்ளத்தில, இயந்திரத்துக்குப் பக்கத்தில கட்டி வச்சிருக்கிறார். கடலுக்கு இறங்கேக்க ஒன் பண்ணுவார். விடிய கரைக்கு வரேக்க திரும்ப சிக்னல் பிடிக்கும். ஞாயிறு கடலுக்குப் போறேல்லை.

திருநாளுக்கும் போறேல்லை.

கேமை அழிச்சுப்போட்டுத்தான் குடுத்தனான் எண்டு... இல்லை, அழிக்கேல்லை. நாளாந்தப் பரிசு தவறக்கூடாது எண்டு, போனை ஒன் பண்ணின உடன அது தானா உள்ளுக்க போற மாதிரி நான்தான் செய்து வச்சனான். ரெண்டு கிழமைக்கு முன்னம், போட்டி தொடங்கேக்க, கவனம் எண்டு நான் இஞ்ச முதல் தரம் பாஸ்வேட்டை மாத்த, அது அங்க பழைய பாஸ்வேட்டோட தட்டித் தட்டி... பாவம், அதுக்கு என்ன தெரியும். அப்ப கொழும்பு? கொழும்பு எண்டு ஏன் போடுறான்? ... உங்கட போனும் அப்பிடியோ? இந்தக் கடையில, இந்தக் கதிரையில இருந்துகொண்டு உங்கட போனும் கொழும்பு எண்டு காட்டுதோ? எல்லாற்ற லைனும் அங்கால சுத்தித்தான் போகுதோ? சேசுவே. அப்ப இந்தத் தீவு முழுக்கக் கொழும்பிலயோ இருக்குது.

நேரமென்ன? ரெண்டே முக்கால். அப்பா இறங்கப் போறார். ஒருக்காப் பொறுங்கோ, எடுக்கிறன்... அடிக்குது... அடிக்குது...

அப்பா, நான். அப்பா, இயந்திரத்தை இழுக்காதேங்கோ. இல்லை, அம்மாவுக்கு ஒண்டுமில்லை. உங்கட போனை ஓஃப் பண்ணுங்கோ. ஓம், இப்ப கதைக்கிற போனைத்தான். நான் கதைச்சு முடிய. இப்ப ஒன் பண்ணினனீங்களோ? பெட்டி மாதிரி ஒண்டு வந்திருக்கோ? அதைத் தொடாதேங்கோ. திரும்ப முயற்சிக்கிறீரோ எண்டு கேக்கும், ஓகே எண்டு அமத்தாதேங்கோ. அப்பா... அப்பா?

அமத்திட்டார்.

'ஏதோ மரியாதையாக் கேட்டுதடா, அதான் ஓகே குடுத்தனான். ரெண்டு தரம் கேட்டுது, ரெண்டு தரமும் குடுத்தனான்.' இதுதான் என்ர அப்பா அன்ரனிதாஸ், அண்ணை. பள்ளிக்குடத்துக் கடிதத்தில கையெழுத்து வைக்கக் கேட்டா ஒரு கிழமை யோசிக்கிற மனுசன்.

ம், அம்மா எடுக்கிறா. தெரியும் அம்மா. ஓம் அம்மா. 'பூட்டிப் போட்டினமாம்' எண்டு எழுதியிருக்கினமோ? பதில் ஒண்டும் போடாதேங்கோ.

நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் பூட்டு. இப்ப ஜதுர்சனும் வினோஜாவும் மட்டும். ரெண்டு பேர். மிதுஷன் வந்தா மூண்டு. அவன்ர எக்கவுண்டில ஒரு கீறலும் இல்லை. ஆனா அவன்ர போன் அலுமாரிக்குள்ள, திறப்பு அரியநாயகத்தின்ர கழுத்தில, அது அங்க போனதே... ஓம். தெரியும். நீங்கள் சொல்லத் தேவையில்லை.

அண்ணை, நீங்கள் ஒருக்கா அவையின்ர வீட்டுக்கு எடுத்துச் சொல்லுறியளோ? நான் எடுத்தாப் பிரச்சினை. மிதுஷன்ர அம்மா சீதேவி அன்ரிக்கு நான் அதிபற்ற குரலில எடுத்தனான், கிராமசேவகற்ற குரலில எடுத்தனான், கனடாவில இருக்கிற அவவின்ர தங்கச்சியின்ர குரலிலயும் எடுத்து ஒரு மணித்தியாலம் சீலைக்கதை கதைச்சனான். மனுசி இப்ப ஒருதரையும் நம்பாது. நீங்கள் எண்டா... அண்ணை? மார்க்கண்டு அண்ணை? தேத்தண்ணிக்கோ? இப்பவோ? வந்து... சரி. போங்கோ. பாதற்ற போன் திறந்தபடி கிடக்குது, அண்ணை...

எழும்பிப் போயிட்டார்.

சரி. அடிக்குது.

வணக்கம் அன்ரி. நான் றெக்ஷன். றெக்ஷன் அன்ரி, அல்போன்சம்மான்ர மகன். இல்லை, வேற ஆரும் இல்லை, நான்தான். ஓம், அவன் இப்பிடி வணக்கம் எல்லாம் சொல்லமாட்டான் எண்டு எனக்கும் தெரியும், ஆனா இண்டைக்குச் சொல்லுறன். வைக்காதேங்கோ அன்ரி. என்ர சொந்தக் குரல் இதுதான். ஆரோ றெக்ஷன் மாதிரிக் கதைக்கிறான் எண்டோ? இல்லை அன்ரி... அரியநாயகம் மாமா பக்கத்தில நிக்கிறாரோ? லவுட்டில போட்டிருக்கிறியளோ? மிதுஷனும் நிக்கிறானோ?

றெக்ஷன் எண்டா ஆற்றையாவது குரலில கதைச்சுக் காட்டவோ?

...

சரி. வடிவாக் கேளுங்கோ.

'அலோ. நாங்க கம்பியூட்டர் பொலிஸ் பேசறது. ஒங்க கடையில...'

ஓம் அன்ரி. அது நான்தான். ஓம் மாமா. தராசும் நான்தான். மிதுஷன் ஒண்டும் செய்யேல்லை, அவனில ஒரு பிழையும் இல்லை, கள்ளன் எங்கட வள்ளத்துக்குள்ள இருந்தவன், அதைப் பேந்து விளங்கப்படுத்துறன். முதல்ல அந்தப் போனை எடுத்து அவனிட்டக் குடுங்கோ, நாலு மணிக்கு அவனில்லாமல் ஏலாது.

நானோ? நான் இண்டைக்கு விளையாடேல்லை. அஞ்சு மணிக்கு நேர உங்கட வீட்டுக்கு வாறன். ஓம் அன்ரி, கூட்டுற தும்புத்தடியைக் கையிலயே வச்சுக்கொண்டு நில்லுங்கோ.