லவீனாவின் மூக்கு

விறகடுப்பில் வைத்த தேத்தண்ணீர் கொஞ்சம் புகை மணக்கும். குறை நினைக்காதீர்கள், பிள்ளை. பொலிஸ் உடுப்பில் வந்தாலும் நீங்கள் எனக்குப் பிள்ளை மாதிரித்தான். நான் நின்றபடியே சொல்லுகிறேன். இருந்தால் கால் சும்மா இராது.

என் தங்கை லவீனாவின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அம்மா கண்மூடியபோது அவள் நடை பழகுகிற பிள்ளை, வளர்த்தது நான். கம்பசில் இரசாயனம் படித்து, அங்கேயே ஆய்வுகூடத்தில் காட்டு நாய்த்துளசியில் தைலம் வடித்தாள். கீரிமலைப் பக்கத்துச் செடியில் சிட்ரல் கூடவாம், எலுமிச்சை மணம். எங்கள் அரியாலைக் கரைச் செடியில் கற்பூரம் கூடவாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மெஷினில் ஏற்றுமுன்பே அவள் முகர்ந்து சொல்லிவிடுவாள். பிறகு மெஷினும் அதையே சொல்லும்.

அந்த மூக்குக்காகத்தான் ஜேர்மனியில் ஒரு வாசனைக் கம்பனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது.

"அழாதேங்கோ அக்கா. உங்கடை கருவாட்டுக் குழம்பு ஜேர்மனி வரைக்கும் மணக்கும்."

நான் அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

புறப்பட இருந்த மாதம் அவளுக்குத் தடிமன் பிடித்து மூக்கு முழுக்க அடைத்துவிட்டது. அவள் முகர்ந்து பிடிக்காமல் எதையும் கிட்டக் கொண்டுபோகக்கூடிய காலம் அது ஒன்றுதான். நாய்த்துளசி அவித்து ஆவி பிடிக்க வைத்தேன். சட்டிக்குள் கக்கூஸ் கழுவும் மருந்தையும் விட்டேன்.

"எரியுது அக்கா, எடுங்கோ."

"சளி கழரேக்கை எரியுந்தான் பிள்ளை. நல்லா இழு."

போர்வை நுனியை நான்தான் அழுத்திப் பிடித்திருந்தேன். அடுத்த நாளும் பிடித்தேன்.

தடிமன் மாறியது, மணம் திரும்பவில்லை. தடிமன் செய்த வேலை என்றார் டொக்டர். ஜேர்மனி இல்லை என்று ஆனது. பிறகு, பால் பழுதோ, சட்டை வியர்வை மணக்குதோ, எல்லாவற்றுக்கும் சின்னப்பிள்ளை போல என்னைத்தான் கேட்பாள். இந்த வீடு அப்போதுதான் நிம்மதியாக இருந்தது.

நேற்று நான் ஆராதனைக்குப் போன நேரம் காஸ் கசிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை, நெருப்புக்குச்சியைத் தட்ட முகத்திலேயே பற்றிவிட்டது. நீங்கள் கேட்டு வந்தது அதைத்தானே? அதை நான் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்களாம். இனிப் பார்வை வராது என்கிறார்கள். வார்ட்டுக்குள் என்னை விடுகிறார்கள் இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், பிள்ளை. பக்கத்தில் நிற்பது யாரென்று மணத்தாலும் அறியமாட்டாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?